காலணி மாறியதால் மைத்துனர் கழுத்துக்குப் போன பதக்கம்

அனுப்புநர்
மு. அங்கமுத்து,
வாழையிலை, காய்கறி மொத்த வணிகர்,
பஃபலோ ரோடு, லிட்டில் இந்தியா,
சிங்கப்பூர்.

பெறுநர்
திரு. சுப்பிரமணியம் அவர்கள்,
தலைமை நடுவர்,
காட்டுப்பாதை நெடுந்தூரச் சைக்கிள் பந்தயக் குழு,
சிங்கப்பூர்.

பொருள்: பந்தயத்தை முடித்த நான் பாதியில் விலகியதாகவும், பாதியில் விலகிய என் மைத்துனர் முடித்ததாகவும் வெளியிட்ட முடிவைத் திருத்தித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களுக்கு,

வணக்கம். இதே குறையை ஆங்கிலத்தில் மின்னஞ்சலாக அனுப்பினேன். 'நேரம் அளக்கும் மின்னணுச் சில்லு காட்டுவதே இறுதி முடிவு' என்று ஒரே வரியில் பதில் வந்தது. தமிழும் இந்நாட்டின் ஆட்சிமொழி, தாங்களும் தமிழர் என்பதால் இம்முறை முழுதாகச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் எனக்குக் கோபம் பாதிதான் வருகிறது.

1. எனக்கு வயது ஐம்பத்து மூன்று. சர்க்கரை உண்டு. உடம்பை அசைக்கச் சொன்னார் டாக்டர். ஓராண்டாகப் பிற்பகலில் கடை ஓய்ந்ததும் புக்கிட் பாத்தோக் மேடுகளில் சைக்கிள் ஓட்டிப் பழகினேன். என் மனைவி சந்திரமதியின் தம்பி திரு. சுரேந்தர் காப்புறுதி (இன்சூரன்ஸ்) முகவர். "அத்தான் போறார்னா நானும் வர்றேன் லா, போட்டோ போட்டா கஸ்டமர் வருவாங்க" என்று அவரும் பெயர் கொடுத்தார். அவர் பழகியது எத்தனை நாள் என்று நான் சொன்னால் குடும்பத்தில் சண்டை வரும்.

2. இவ்விடத்தில் என் பங்கையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பந்தயக் காலணிகளை நான்தான் வாங்கினேன். ஒன்று எடுத்தால் ஒரு விலை, சேர்த்து எடுத்தால் வேறு விலை என்பது என் தொழில். கடைக்காரர் தேங்கிய சரக்கைக் கழித்துக்கொண்டிருந்தார். ஒரே நிறம், ஒரே அளவு, இரண்டு ஜோடி. எனக்குச் சரியாக இருந்தது. மைத்துனருக்குப் பெரிது. இரண்டு காலுறை போட்டுக்கொள்ளச் சொன்னேன். போட்டுக்கொண்டார்.

3. மற்ற பந்தயங்களில் நேரம் அளக்கும் சில்லு சைக்கிளில் இருக்கும் என்கிறார்கள். தங்கள் குழு ஓட்டப்பந்தயம் நடத்திப் பழகியதாலோ என்னவோ, சில்லைக் காலணிக் கயிற்றில் கோக்கச் சொன்னீர்கள். கோத்தோம். அன்று நல்ல மழை. மண்டாய்ப் பக்கம் பாதை சாம்பார் போல் ஓடியது. நெஞ்சில் குத்தியிருந்த எண் தாள் நனைந்து எங்கோ போயிற்று.

4. நடுவழி ஓய்விடத்தில் தங்கள் குழுவினர் கூடாரம் அடித்து, கீழே பாய் விரித்து, வாழைப்பழமும் தண்ணீரும் வைத்திருந்தார்கள். பாய் விரித்த இடத்தில் காலணியோடு ஏற எனக்குக் கால் வரவில்லை. வெளியே கழற்றி வைத்துவிட்டுப் போனேன். மைத்துனரும் கழற்றினார். பின்னால் வந்த சக போட்டியாளர் திரு. ஜமால் முகம்மதும் கழற்றினார். அவருக்குப் பின்னால் வந்த சீன இளைஞர்கள் இதுதான் விதி போலும் என்று வரிசையாகக் கழற்றினார்கள். சிறிது நேரத்தில் அந்த வாசல் தைப்பூசத்தன்று கோயில் வாசல் மாதிரி ஆகிவிட்டது. கோயில் வாசலில் என்ன நடக்கும் என்பது தாங்கள் அறியாததல்ல.

5. மைத்துனருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. "அத்தான், நீங்க போங்க, நான் பின்னாடியே வர்றேன்" என்றார். பாயில் படுத்திருந்தவர் சொன்ன சொல் அது. நான் அவசரத்தில் கைக்கு வந்த ஜோடியை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். என் அளவு, என் நிறம். சந்தேகம் வர வழியே இல்லை. பிற்பாடு முதலுதவிக் குழுவினர் மைத்துனரைத் தூக்கி வண்டியில் ஏற்றும்போது, மிச்சம் கிடந்த ஜோடியை அவர் காலில் மாட்டி, அதிலிருந்த சில்லைப் படித்து, விலகியவர் அங்கமுத்து என்று பதிந்துகொண்டார்கள்.

6. உடனே என் மனைவியின் கைப்பேசிக்குத் தங்கள் குழுவிடமிருந்து செய்தி போயிற்று: தங்கள் கணவர் போட்டியிலிருந்து விலகி, மருத்துவக் கவனிப்பில் உள்ளார். கல்லாவை அப்படியே விட்டுவிட்டு டாக்சி பிடித்து அழுதுகொண்டே வந்தவர், மருத்துவக் கூடாரக் கட்டிலில் தம்பியைப் பார்த்திருக்கிறார். "நீயாடா? அவர் எங்கடா?" என்று கேட்டதற்கு, "அத்தான் முன்னாடி போயிட்டாரு அக்கா" என்று மைத்துனர் கண்ணை மூடிக்கொண்டே சொன்னாராம். அதற்குப்பின் என் மனைவி அழுத அழுகையை நிறுத்த இரண்டு தாதியர் வேண்டியிருந்தது.

7. நான் எல்லைக்கோட்டைத் தாண்டும்போது ஒலிபெருக்கியில் "சுரேந்தர்!" என்று அறிவித்தார்கள். கால் பிடிப்போடு இவர் எப்படி என்னை எட்டிப் பிடித்தார் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. பதக்கம் கேட்டு மேசைக்குப் போனேன். அங்கிருந்த தொண்டூழியர் செல்வி திவ்யதர்ஷினி மரியாதையான பெண். திரையைப் பார்த்துவிட்டு, "அங்கிள், சிஸ்டத்துல நீங்க ஏற்கெனவே விலகிட்டீங்க லா. மெடிக்கல் டெண்ட்ல படுத்திருக்கீங்க. போய் ரெஸ்ட் எடுங்க" என்றார்.

8. பதக்கமும் சான்றிதழும் மைத்துனருக்குப் போயின. அவர் சான்றிதழைத் தம் பெயர் அட்டையின் பின்புறம் அச்சடித்துவிட்டார். நேரில் கேட்டேன். "சிஸ்டமே சொல்லும்போது மறுக்க நான் யாரு அத்தான்?" என்கிறார். மனைவியோ, "குடும்பத்துக்குள்ளதானே இருக்கு, விடுங்க" என்கிறார். என் வீட்டு உப்பும் குடும்பத்துக்குள்தான் இருக்கிறது, அதற்காகச் சர்க்கரை என்று பெயர் ஒட்ட முடியுமா?

9. வருகிற சனிக்கிழமை எங்கள் வட்டார வணிகர் சங்க விருந்தில், இப்பந்தயத்தை முடித்த நம்மவர் என்று திரு. சுரேந்தருக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். சங்கச் செயலாளர் என்ற முறையில் அதைப் போர்த்த வேண்டியவன் அடியேன்தான். தாங்கள் அவசரம் காட்ட வேண்டிய காரணம் இதுவே.

10. எல்லைக்கோட்டில் தங்கள் புகைப்படக்காரர் எடுத்த படத்தை இணைத்துள்ளேன். முகம் முழுக்கச் சேறு, ஆள் அடையாளம் தெரியாது என்று சொல்வீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முகத்தை மறைத்த சேறு தொப்பையை மறைக்கவில்லை. மைத்துனர் வெற்றிலைக் கொடி போல் இருப்பவர். அந்தத் தொப்பை இருபது ஆண்டு என் சொந்த உழைப்பில் சேர்த்தது, அதை வேறு யார் பெயரிலும் எழுத நான் சம்மதிக்க மாட்டேன். வேண்டுமானால் நேரில் வந்து பக்கவாட்டில் நிற்கிறேன், ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

ஆகவே, சனிக்கிழமைக்குள் இரு பெயர்களையும் அவரவர் இடத்தில் மாற்றி வைத்து, என் மனைவிக்கு 'தங்கள் கணவர் பந்தயத்தை முடித்தார்' என்று ஒரு செய்தியும் அனுப்பி உதவ வேண்டுகிறேன். பதக்கம்கூடப் பிறகு வரட்டும், அந்தச் செய்தி முதலில் போகட்டும். முந்தைய செய்தியை அவர் இன்னும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, எனக்குக் கோபம் வரும்போதெல்லாம் எடுத்துக் காட்டுகிறார்.

இத்தனைக்கும் பிறகு நான் பொய் சொல்கிறேனோ என்று தங்களுக்குத் தோன்றினால் ஒன்று சொல்லி முடிக்கிறேன். அடுத்த ஆண்டுப் பந்தயத்துக்கு இருவரும் பெயர் கொடுத்துவிட்டோம். எனக்கு மட்டும் மஞ்சள் நிறத்தில் புதுக் காலணி வாங்கியிருக்கிறேன். ஒரே ஒரு ஜோடி. பேரம் பேசாமல், கேட்ட விலைக்கு. பஃபலோ ரோட்டில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள், அங்கமுத்து இதற்குமுன் அப்படிச் செய்ததுண்டா என்று.

இடம்: சிங்கப்பூர்
நாள்: திங்கட்கிழமை, விருந்துக்கு ஐந்து நாள் முன்பு

பந்தயத்தை முடித்தவன்,
மு. அங்கமுத்து
(கையொப்பம்)

இணைப்பு:
எல்லைக்கோட்டுப் படம் ஒன்று.
திரு. சுரேந்தரின் காலணி ஒரு ஜோடி. சான்றுக்காகக் கழுவவில்லை, பொட்டலத்தைத் திறந்த வெளியில் பிரிக்கவும்.