பாட்டின் பாதி

டிசம்பர் 2

மூக்கில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்த ஒரு கண்ணாடி பிரேமோடு அரை நாள் மல்லுக்கட்டினேன். மாலையில் பாடகர் குழு டீச்சர் கடைக்கு வந்தார். கண்ணாடிக்காக அல்ல. பழைய கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்று உண்டே — வெளியே நிற்பவர்கள் கேள்வி பாட, வீட்டுக்குள் இருப்பவர்கள் பதில் பாட, கதவு திறந்ததும் எல்லாரும் சேர்ந்து பாடுவது — அதற்காக. யார் கட்டிய பாட்டு என்று எவருக்கும் தெரியாது. கேள்விக்கு எங்கும் ஒரே மெட்டு, பதில் மட்டும் வீட்டுக்கு வீடு மாறுகிறதாம். பதினாறு வீட்டுப் பதிலைப் பதிவு செய்துவிட்டார்.

"உங்கம்மா பாடினதே தனி அழகுன்னு சொல்றாங்க. கொஞ்சம் பாடிக் காட்டுங்க சார்."

வாயைத் திறந்தேன். கேள்விதான் வந்தது, பதில் வரவில்லை.

டிசம்பர் 3

எப்படி வரும்? அப்பாவும் நானும் ஊராரோடு கேள்வி பாட வெளியே போய்விடுவோம். உள்ளே நின்று பதில் பாடியது அம்மாவும் தங்கச்சியும். ஐம்பத்திரண்டு வயது வரை பாதிப் பாட்டை வைத்துக்கொண்டு முழுசும் தெரியும் என்று நினைத்திருக்கிறேன்.

மீதிப் பாதி தங்கச்சியிடம் இருக்கிறது. மூன்று தெரு தள்ளி. அம்மா போனதிலிருந்து, மூன்று வருடமாகப் பேச்சில்லை.

டிசம்பர் 6

மனைவி சொன்னாள்: "போய்க் கேட்டா வாயிலேருந்து முத்தா உதிர்ந்துடும்?"

டிசம்பர் 10

எழுதித்தான் ஆகவேண்டும். இரண்டு வருடம் அம்மாவைத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, ஊட்டியவள் தங்கச்சி. அம்மா இறந்த அன்று எல்லார் முன்னாலும் அவளைப் பார்த்துச் சொன்னேன்: "நீ பாத்துக்கிட்ட லட்சணம்தான் தெரியுதே."

ஏன் சொன்னேன்? கடைசி மூச்சுக்கு நான் வந்து சேரவில்லை. அந்தப் பழியை யார் தலையிலயாவது கட்டணும்னு இருந்துச்சு — அவ தலைதான் கெடைச்சுது. பாவி நான்.

டிசம்பர் 15

அவள் தெருமுனை வரை போனேன். அங்கிருந்த கடையில் ஒரு சோப்பு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

டிசம்பர் 16

இன்னொரு சோப்பு.

டிசம்பர் 19

இன்றும் சோப்பு வாங்கினேன். ஆனால் திரும்பவில்லை.

டீச்சர் சொன்னபடி, பதிவு செய்யப் போன் சட்டைப்பையில். கதவு சாத்தியிருந்தது. என்ன சொல்லிக் கூப்பிடுவது? எனக்குத் தெரிந்த பாதியைப் பாடினேன். "விளக்கேத்தி வச்சவரே, விழிச்சிருக்கீங்களா?"

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். வெட்கத்தை விட்டு மறுபடி பாடினேன்.

"விழிச்சுத்தான் இருக்கோம், வாசல் வந்தது யாரு?"

மற்றவர்கள் இறக்கி முடிக்கும் இடத்தில் அம்மா மேலே ஏற்றி ஒரு இழு இழுப்பாள். அதே இழுப்பு. நடுவில் தங்கச்சி குரல் உடைந்தது. கதவு திறக்கவில்லை.

"குட்டி, நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. உன்னை மாதிரி அம்மாவை யாராலயும் பாத்துக்க முடியாது."

கதவு திறந்தது. ஈரக் கை, சிவந்த கண்.

"உன் சுருதி மட்டும் என்ன லட்சணமாம்?" என்றாள். பிறகு, "கையில என்னண்ணா?"

"சோப்பு."

மீதியைச் சேர்ந்து பாடினோம்.

டிசம்பர் 20

டீச்சரிடம் பெருமையாகப் போனை நீட்டினேன். பதிவே ஆகவில்லை. பட்டனை அழுத்த மறந்திருக்கிறேன்.

தங்கச்சியைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். வெகுநேரம் சிரித்தாள்.

"நாளைக்கும் வா. சோப்பு வேணாம்."