எந்த விலக்கு

நவ. 11, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஆபீஸ் வேலை: தேனி மதுரை ரோட்டில் எதில் ஏறி எங்கே போகலாம், ஒரு பெட்டிச் செய்தி. தேனி சிலை சிக்னலில் நின்று குறித்தவை:

டவுன் பஸ் – பெண்களுக்கு டிக்கெட் இல்லை. வந்தால் உண்டு.
மதுரை பஸ் – வேகம். ஆஸ்பத்திரியில் நிற்பது கண்டக்டர் மனசு.
ஷேர் ஆட்டோ – ஆள் நிறைந்தால்தான் நகரும்.

"வெலக்கு, வெலக்கு!" ஆட்டோக்காரரின் கூவல். அரசு ஆஸ்பத்திரி இருப்பது க.விலக்கில். இங்கே யாரும் ஆஸ்பத்திரி என்று சொல்வதில்லை. "வெலக்குல சேத்திருக்காக" என்றாலே நோயின் கனம் தெரிந்துவிடும்.

மதியம் ஒரு பெண், முழுக்க நனைந்து. பெயர் ஸ்டெல்லா. வண்டிப்பெரியாறு தோட்டத்தில் வளர்ந்தவர். கம்பத்துக்கு வாக்கப்பட்டுச் சில மாதம். வாழை லோடு சரிந்து கணவருக்குத் தலையில் அடி. கூட வேலை பார்ப்பவர் போனில்: "வெலக்குக்கு வந்துரு, ஒன்னயத்தான் கேக்குறான்." கண்டக்டரிடமும் அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லியிருக்கிறார். சின்னமனூர் தாண்டி ஏதோ ஒரு விலக்கில் இறக்கிவிட்டுப் பஸ் போய்விட்டது. ரோடு பிரிகிற இடமெல்லாம் விலக்குதானே. பின்னால் வந்த பஸ் எதுவும் அங்கே நிற்கவில்லை; கடைசியில் ஒரு லாரியில் ஏறி இங்கே வந்திருக்கிறார்.

"மாடு மேய்க்கிறவருகிட்ட ஆஸ்பத்திரி எங்கனன்னு கேட்டேன் சார். சிரிக்கிறாரு."

ஆட்டோக்காரர்: "ஏத்தா, வெலக்குன்னா எந்த வெலக்குன்னு சொல்ல வேணாமா? ஏறு, ஏறு." பாதி இருக்கை காலி. வண்டியை எடுத்துவிட்டார்.

உள்ளேயிருந்து ஒரு பெரியவர்: "ஆள் நெறையாம நகர மாட்டியே. இன்னைக்கு என்னடா தர்மம்?"

"பேசாம உக்காருங்க சித்தப்பா."

கூடப் போயிருக்கலாம். செய்தி பாக்கி.

நவ. 12, புதன்

மழை விட்டது. புழுக்கம். பெட்டிச் செய்தி வந்துவிட்டது. "க.விலக்கு அரசு ஆஸ்பத்திரி" என்று எழுதிக் கொடுத்திருந்தேன். இடம் பற்றவில்லையாம், அச்சில் வெறும் "விலக்கு".

டவுன் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கு. பிணவறை வாசலில் ஸ்டெல்லா. ஆட்டோ போய்ச் சேருமுன்பே முடிந்திருந்தது. போன் செய்த நண்பர் என்னைத் தள்ளி அழைத்துப் போய்ச் சொன்னார்: "வாசலப் பாத்தே கெடந்தான் சார். அவ பஸ்ஸுல வந்துக்கிட்டிருக்கான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

கம்பத்துக்குக் கொண்டுபோக இலவச வண்டி. ஸ்டெல்லா பின்னால் ஏறி உடலருகே உட்கார்ந்தார்.

டிரைவர்: "கம்பத்துல எங்கனம்மா நிப்பாட்டணும்?"

"வீட்டு வாசல்லண்ணே. நடுவுல எங்கனயும் எறக்கிவிட்றாதீக."