வெள்ளி, மாலை ஐந்துக்குள்

மார்ச் 3, செவ்வாய்

தூறல். நீண்ட யோசனைக்குப் பின் ஒரு தீர்மானம்: மேய்ப்பன் கோல் இனி காரின் டிக்கியில் பயணிக்காது. பின் இருக்கையில், சீட் பெல்ட்டுடன். மூன்று துண்டாகக் கழற்றி மாட்டுவதில் மரை தேய்கிறது. பேராயரான ஆறு ஆண்டுகளில் யாரையும் கேட்காமல் நானே எடுத்த முடிவு. மற்றதற்கெல்லாம் குழு.

செய்ய வேண்டியவை: பல் டாக்டர். தவக்காலச் சுற்றறிக்கை. சான் ஹோசே கோயில்.

அங்கே காலை ஆங்கில ஆராதனைக்குக் கடைசியில் ஒன்பது பேர்தான். போன மாதம் அந்தச் சபையை மூடினோம். மாலை மூன்று மணிக்கு அதே இடத்தில் கூடும் தமிழ்ச் சபையில் அறுபது பேர். இனி கட்டடம் யாருக்கு? விண்ணப்பங்கள் வெள்ளி மாலை ஐந்துக்குள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு டேகேர் ஏற்கெனவே அனுப்பிவிட்டது; வரைபடத்தோடு.

மார்ச் 4, புதன்

தமிழ்ச் சபைச் செயலர் சாமுவேல் வீட்டுக்கு வந்தார், மகளோடு. பழத்தட்டு, பொன்னாடை. சிப் கம்பெனியில் பெரிய வேலை அவருக்கு. அங்கே படிவமில்லாமல் நாற்காலிகூட நகராது.

"ஃபார்ம் அனுப்பியாச்சா?"

"நம்ம அய்யா இருக்கும்போது ஃபார்ம் எதுக்கு? நேர்ல வந்து கேக்கதுதான மரியாதை."

மகள், போனிலிருந்து தலையெடுக்காமல்: "டாடி, ஜஸ்ட் ஃபில் இட் அவுட். டென் மினிட்ஸ்."

"நீ சும்மா இரு. பெரியவங்க பேசிட்டிருக்கோம்லா."

வெள்ளி, ஐந்து மணி என்று இரண்டு முறை சொன்னேன். இரண்டு முறையும் சிரித்தார். பொன்னாடைக்குக் குனிந்தேன். நெல்லைப் பக்கம் பேராயர் பொன்னாடையை ஏற்றால் காரியம் முடிந்தது என்று அர்த்தம். அது எனக்கும் தெரியும்.

மார்ச் 6, வெள்ளி

வெயில். பல்லுக்கு வேர் சிகிச்சை வேண்டுமாம்.

மணி இரண்டு. அலுவலகத்தில் விசாரித்தேன். வந்தது டேகேரின் விண்ணப்பம் மட்டும்தான்.

வீட்டில் மனைவி மெர்சி, சாப்பாடு போடும்போது: "ஒரு போன் போட்டா உங்க பேராயர் மோதிரம் கழண்டு விழுந்திருமா?"

"டேகேருக்கு நினைவுபடுத்தினேனா? இவங்களுக்கு மட்டும் எப்படி?"

"டேகேர்காரன் உங்களுக்குப் பொன்னாடை போத்துனானா?"

ரசம் நன்றாக இருந்தது என்றேன்.

அமெரிக்காவுக்குப் பொறியாளராக வந்தவன் நான். கிரீன் கார்டுக்குக் காத்திருந்த வருடங்களில்தான் ஜெபிக்கக் கற்றேன். குருவானது அதன் பக்கவிளைவு. பேராயர் தேர்தலன்று ஒருவர் எழுந்து, மிக மரியாதையாக: உங்கள் மக்களுக்குத் தனிச் சலுகை காட்டுவீர்களா? "ஒருபோதும் இல்லை." கைதட்டல். அந்த ஒரு வாக்கியத்தில்தான் ஜெயித்தேன். இந்த ஊரில் பிறந்த பேராயராக இருந்தால் இந்நேரம் போன் செய்திருப்பார். அதை அன்பு என்பார்கள்.

நாலே முக்கால். போன் மேசைமேல். சுற்றறிக்கையில் பிழை திருத்தம். 'கடின இருதயம்' இரண்டு முறை வந்திருந்தது; ஒன்றை எடுத்தேன்.

ஐந்து.

மார்ச் 10, செவ்வாய்

குழு. பன்னிரண்டு நிமிடம். டேகேருக்கே, ஏகமனதாக. கையெழுத்திட்டேன். ஒருவர் என் கையைப் பிடித்து, உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்றார். முதலில் பெருமையாக இருந்தது. வெட்கம், கார் நிறுத்துமிடம் வந்த பிறகு.

சாமுவேல் போன். திட்டுவார் என்று தயாராக இருந்தேன். "சரி அய்யா. பிள்ளைங்கட்ட என்ன சொல்லணும்னு மட்டும் சொல்லுங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு

வெயில். தலைமை ஆலயத்தில் பிரசங்கம், பதினான்கு நிமிடம். தமிழ்ச் சபை மூன்று மணிக்கு ஒரு பேட்மின்டன் கூடத்தில் கூடியது. மெர்சி அங்கே போனாள்.