சீனாவுக்குப் பரஸ்தானம்

1935, பிப்ரவரி 6, புதன்

காலையில் பனி. எதிர்வீட்டு வாசல் தெரியவில்லை. இருமல் இரண்டு முறை. கஷாயம்.

கப்பலுக்குப் பெயர் கொடுத்து மூன்று நாள். மார்ச் 12, செவ்வாய், மத்தியானம். பினாங்கு, சிங்கப்பூர், அங்கே வேறு கப்பல். பெயர் கொடுத்தது நான்தானா என்று இன்னும் சந்தேகம்.

முப்பத்திரண்டு வருஷம் துறைமுக ஆபீசில் கப்பல் ரிஜிஸ்தர் எழுதினேன். எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது. ஹாங்காங், ஷாங்காய் என்று எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. ஒரு கப்பலிலும் கால் வைத்ததில்லை.

ஊர்கள் (எல்லாம் பென்சிலில்):
ஹாங்காங் — 3 நாள்.
காண்டன் — 2. ஆற்றில் படகிலேயே குடித்தனம் செய்கிறார்களாம்.
ஷாங்காய் — 5.
ஹாங்சௌ — 2. ஏரி.
நான்கிங் — 2. ரயிலையே படகில் ஏற்றி நதியைக் கடத்துகிறார்கள். பார்க்க வேண்டும்.
பீகிங் — 8. இப்போது பீபிங் என்று பெயர். தலைநகர்ப் பட்டம் நான்கிங்குக்குப் போய்விட்டது. மதில் மட்டும் அங்கேயே.
ஹாங்கௌ — எழுதினேன், அடித்தேன். ஆற்றில் பல நாள் பிரயாணம். தனி ஆள்.

தனி ஆள் என்பது பற்றி. காசிக்கு மூன்று முறை மூட்டை கட்டினோம், நானும் என் சம்சாரம் விசாலமும். மூன்று முறையும் வேண்டாம் என்றது நான். முதலில் காலரா பயம். பிறகு லீவு சந்தேகம். மூன்றாவதற்குக் காரணம் நினைவில்லை. மூன்று மூட்டையையும் அவிழ்த்து மடித்து உள்ளே வைத்தவள் விசாலம். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆகவே இந்த முறை அவளைச் சேர்க்கவில்லை. நின்றுபோனால் ஏமாற்றம் எனக்கு மட்டும்.

நின்றுபோகாது என்று எழுத ஆசை.

பிப்ரவரி 9, சனி

கோட்டையில் சர்க்கார் ஆபீசுக்குப் போய்ப் பாஸ்போர்ட் மனு. வெயில். குமாஸ்தா நல்ல மனிதர்.

"ஒருத்தர்தானா சார்? சம்சாரம் பேரையும் இதே புஸ்தகத்துல சேத்துக்கலாம். ரெண்டு பேரும் ஒண்ணா ஒரு போட்டோ குடுத்தா போதும்."

வேண்டாம் என்றேன். சீக்கிரமாகவே சொல்லிவிட்டேன்.

வீட்டில் விசாலத்திடம் சொன்னேன், பேச்சுவாக்கில். வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஒரே புஸ்தகத்துலயா?"

"ஆமாம்."

சற்றுப் பொறுத்து மறுபடி, "ஒரே புஸ்தகத்துலயேவா?"

சர்க்காரின் சிக்கனத்தில் அவளுக்கு ஆச்சரியம் போலும்.

பிப்ரவரி 13, புதன்

அம்மை குத்திக்கொண்டேன். இடது கை வீக்கம். ஜுரம் இல்லை. (இரண்டு முறை பார்த்தேன்.)

லஸ் கடைத்தெருவில் வாங்கியவை: ஃபிளாஸ்க், மெழுகுவத்தி, கம்பளி நூல் இரண்டு உருண்டை. நூல் விசாலம் கேட்டது. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் காலுறை பின்னக் கற்றுக்கொண்டிருக்கிறாளாம். எனக்காக.

சாப்பிடும்போது அவள் கேட்ட கேள்விகள், வரிசையாக:

"அங்கே துணி ஒரு நாள்ல காயுமோ?" (என் வேட்டிக்காகக் கவலை.)

"கப்பல்ல பிள்ளையாருக்கு விளக்கேத்த விடுவாளோ?"

"அந்த மதில் மேல எத்தனை பேர் சேர்ந்து நடக்கலாமாம்?"

வண்டியே போகலாம், அவ்வளவு அகலம் என்றேன். "நெரிசல் இல்லைன்னு சொல்லுங்கோ" என்று மோர் ஊற்றினாள்.

பிப்ரவரி 18, திங்கள்

வாத்தியார் வந்தார். பஞ்சாங்கத்தைப் புரட்டி உதட்டைப் பிதுக்கினார். கிளம்பும் நாள் செவ்வாய். நட்சத்திரமும் சரியில்லை. என் நெஞ்சில் ஒரு லேசான நிம்மதி. அதை எழுதாமல் இருக்க முடியவில்லை, வெட்கம்.

ஆனால் வாத்தியார், "பரஸ்தானம் வெச்சுட்டாப் போச்சு" என்றார். 28, வியாழன் காலை நல்ல நேரம். அன்றைக்கே பிரயாண மூட்டை ஒன்றை, போகும் திசையில் வேறொருவர் வீட்டில் வைத்துவிட வேண்டும். பிரயாணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. ஆள் பிறகு சாவகாசமாகப் போகலாம். "வெச்ச மூட்டை மட்டும் பிரயாணம் முடியாம ஆத்துக்குள்ள திரும்பி வரப்படாது. ஞாபகம் இருக்கட்டும்."

"எத்தனை நாள் தாங்கும்?"

"சாஸ்திரம் பத்து நாள். உங்க சுபாவத்துக்குப் பதினஞ்சா வெச்சுக்கோங்கோ."

"சமுத்திரம் தாண்டறது?"

"அதுக்குப் பிராயச்சித்தம் பண்ணிக்கலாம். முதல்ல தாண்டுங்கோ."

சீனா கிழக்கு. எங்களுக்குக் கிழக்கே தெரிந்த வீடு ஒன்றே: சாந்தோமில் ஞானப்பிரகாசம். ஆபீசில் என் பக்கத்து மேஜைக்காரர். ரங்கூன் வரை போய்வந்தவர். கிறிஸ்தவர் வீடாயிற்றே என்று தயங்கினேன்.

விசாலம்: "வாத்தியார் கிழக்குன்னுதானே சொன்னார். யார் வீடுன்னு சொல்லலையே."

பிப்ரவரி 24, ஞாயிறு

பஸ்ஸில் தியாகராய நகர், மகன் பாலுவின் புது வீடு. பாதி மனை இன்னும் காலி. ஏரி இருந்த இடம். சுவர் அடியில் ஈரம் ஏறியிருக்கிறது. சொன்னால் வருத்தப்படுவான். சொல்லவில்லை.

"சீனாவா! அப்பா, மாம்பலம் வரதுக்கே மூணு கார்டு போடுவேள். முதல் கார்டு வரேன். ரெண்டாவது ஒருவேளை வரேன். மூணாவது வரலை."

உள்ளே மருமகள் சிரிப்பு. நானும் சிரித்தேன். கார்டு விஷயம் உண்மை.

"போறதானா போங்கோ. அம்மாவை இங்கே விட்டுட்டுப் போங்கோ."

விசாலம்: "என்னை யாரும் எங்கேயும் விட வேண்டாம்." குரல் கொஞ்சம் உரத்து. பஸ்ஸில் ஏன் கோபம் என்று கேட்டேன். கோபமே இல்லையாம்.

பிப்ரவரி 26, செவ்வாய்

பாஸ்போர்ட் வந்தது. நீல அட்டை. என் முகம் திருடன் போல.

காலுறை ஒரு ஜோடி தயார். நன்றாகவே இருக்கிறது. மீதி நூல் எங்கே என்றேன். இரண்டு உருண்டையும் தீர்ந்துவிட்டதாம். என் கால் அவ்வளவு பெரிதா?

புளிக்காய்ச்சல் இரண்டு ஜாடி. ஒருவருக்கு எதற்கு இரண்டு? "ஊர் ஊராப் போறேளே" என்றாள்.

பிப்ரவரி 28, வியாழன்

நல்ல வெயில். கடல் காற்று.

பிரம்புப் பெட்டி, விசாலம் அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டியது. முடிச்சு மேல் முடிச்சு. பட்டியலை வைத்துச் சரிபார்க்கிறேன் என்றேன். நேரம் தப்பிவிடும் என்று தெருவில் தள்ளிவிட்டாள். ரிக்‌ஷாவில் போனேன். மடியில் பெட்டி. எதிர்பார்த்ததைவிடக் கனம்.

ஞானப்பிரகாசம் வாசலில். "இன்னா ஐயரே, ஊட்ட உட்டுத் தொரத்திட்டாங்களா?"

பரஸ்தானம் என்னவென்று விளக்கினேன். கவனமாகக் கேட்டார்.

"அதாவது பொட்டி கெளம்பிடிச்சு, நீ கெளம்பல."

"அப்படித்தான்."

"உன்னிய விட பொட்டிக்கு தெகிரியம் ஜாஸ்தி."

மாதா படத்துக்குக் கீழே ஒரு பலகை போட்டு அதன் மேல் வைத்தார். கடற்கரையில் வலை காய்ந்துகொண்டிருந்தது. தூரத்தில் ஒரு கப்பல் புகை. எங்கே போகிறது என்று தெரியாமல் ஒரு கப்பலைப் பார்ப்பது எனக்கு விசித்திரமாக இருந்தது. சந்தோஷமாகவும்.

மார்ச் 2, சனி

பத்திரிகையில் சீனாவின் வடக்கு எல்லையில் ஜப்பான் சேனை நடமாட்டம். சின்ன எழுத்தில், நாலு வரி. நாலு முறை படித்தேன்.

இருமல். படியேறினால் மூச்சு. பாஷை தெரியாது. வழியில் படுத்துவிட்டால் யார் தண்ணீர் தருவார்? அறுபத்து மூன்று வயதில் இது என்ன ஆசை என்று கேட்டால் என்ன பதில்? ஷாங்காய் என்று ஆயிரம் தரம் எழுதினேன் என்பது பதில் ஆகுமா?

கப்பல் ஏஜெண்டுக்குக் கடிதம் எழுதினேன். தேக அசௌகரியத்தால் பிரயாணம் ரத்து. நல்ல கையெழுத்து. இவ்வளவு அழகாக நான் எழுதிய கடிதம் வேறில்லை.

தபாலில் போடவில்லை. பெட்டியை முதலில் அங்கிருந்து எடுத்துவிட்டுப் போடலாம்.

மார்ச் 4, திங்கள்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

காலை காற்று வாங்கப் போவதாகச் சொல்லிச் சாந்தோம். சட்டைப் பையில் கடிதம். ஞானப்பிரகாசம் வலைக்காரன் ஒருவனிடம் மீன் பேரம். என் முகத்தைப் பார்த்ததும் பேரத்தை விட்டுவிட்டார்.

"பொட்டிய எடுக்க வந்தியா?"

தலையசைத்தேன்.

"வெச்சா போயே ஆவணும்னு நீதான சொன்னே."

"வீட்டுக்குள் கொண்டுபோனால்தான் தோஷம். பாலு வீட்டில் வைத்துவிட்டால்..." என்று இழுத்தேன். மூன்று நாளாக யோசித்துக் கண்டுபிடித்த வழி.

அவர் சிரிக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "சரி. உன் பொட்டி. தொறந்து பாத்துட்டு எடு. அப்பால கெயவன் எடுத்துக்கினான்னு சொல்லப்படாது."

முடிச்சுகள் அவிழ நேரமாயிற்று. மேலே என் வேட்டிகள், சால்வை. அதற்குக் கீழே விசாலத்தின் அரக்குப் புடவை. இன்னொரு புடவை. சீப்பு. குங்குமச் சிமிழ். சுருட்டி வைத்த கம்பளிக் காலுறை, சின்ன அளவு. அவள் காலில் செருப்புக்கூட நான் பார்த்ததில்லை.

காலுறையை விரித்து என் உள்ளங்கையில் வைத்து அளந்து பார்த்தேன்.

ஞானப்பிரகாசம் எட்டிப் பார்த்தார். "யாருதுய்யா பொடவ?" பிறகு அவரே புரிந்துகொண்டு, "அம்மா கெட்டி" என்றார்.

இருந்தபடியே அடுக்கிக் கட்டினேன். முடிச்சு மேல் முடிச்சு. மாதா படத்துக்குக் கீழேயே வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டில். அவள் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பெட்டியைத் திறந்தேன்."

கை நிற்கவில்லை. "அப்போ திருப்பி எடுத்துண்டு வரத்தான் போயிருக்கேள்."

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். கடிதம் இருந்தது.

"எடுத்துண்டு வந்தேளா?"

"இல்லை."

இப்போது கை நின்றது.

"முன்னாடியே கேட்டிருக்கலாமே, விசாலம்."

"கேட்டா யோசிப்பேள். மூணு மூட்டையை இந்தக் கையாலேயே அவிழ்த்தாச்சு. அவிழ்க்க முடியாத இடத்துல ஒண்ணு வெச்சேன். அவ்வளவுதான்."

"பாஸ்போர்ட்டில் உன் பெயர் இல்லாமல் எப்படி..."

"ஒரே புஸ்தகம்னு நீங்கதானே சொன்னேள்."

"நான் நிறுத்திவிட்டிருந்தால்?"

"என் புடவை சாந்தோம்லயே இருந்திருக்கும். தினம் ஒரு தரம் அதைப் பார்க்கறதுக்காவது உங்களை அழைச்சுண்டு போயிருப்பேன்."

எனக்கு இந்த யுக்தி தோன்றியிருக்காது. கடிதத்தை அடுப்பில் போட்டேன். அழகான கையெழுத்துத்தான்.

மார்ச் 5, செவ்வாய்

மேகம். மழை இல்லை. காலை முதல் அலைச்சல், இருமலை மறந்துவிட்டேன்.

கப்பல் ஆபீஸ்: இடம் இருக்கிறது. இரண்டு பேர் அறை, எஞ்சினுக்குப் பக்கம். சத்தமாக இருக்கும் என்றார்கள். பாதகமில்லை.

அம்மை குத்தல்: விசாலம் ஊசியைப் பார்க்கவே இல்லை, டாக்டரின் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போட்டோ: முதல் முறை ஒன்றாக. "ஆடாதீங்கம்மா" என்று மூன்று முறை. ஒவ்வொரு முறையும் என் பக்கம் திரும்பி எதையாவது கேட்டாள். ஃபிளாஸ்க்குக்கு மூடி உண்டா. காண்டனில் கோயில் உண்டா. படத்தில் அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைக்கிறேன்.

கோட்டை: குமாஸ்தா, "நான் அன்னைக்கே சொன்னேனே சார்." சனிக்கிழமைக்குள் பெயர் சேர்த்துத் தருகிறாராம்.

பாலுவுக்குக் கார்டு. ஒரே கார்டு.

லஸ்ஸில் கான்வாஸ் ஜோடு, அவள் காலுக்கு. கடைக்காரர் அளவு எடுக்கும்போது கூச்சத்தில் புடவையை இழுத்து இழுத்து மூடினாள். வீடு வரும்வரை பொட்டலத்தை என்னிடம் தரவில்லை.

ஊர்ப் பட்டியல் முழுவதும் இப்போது பேனாவால். ஹாங்கௌ — 3 நாள். ஆற்றுப் பிரயாணம் அவளுக்குப் பிடிக்கும்.

கூடத்தில் தொப்புத் தொப்பென்று சத்தம். ஜோடு போட்டு நடந்து பார்க்கிறாள். மதில் மேல் நடக்கப் பழக வேண்டுமாம். வந்து ஊஞ்சலை ஒதுக்கிக் கட்டச் சொல்லிக் கூப்பிடுகிறாள். இரண்டு பேர் சேர்ந்து நடக்கக் கூடம் போதுமா என்று பார்க்கவாம். பேனாவை மூடுகிறேன்.