ஏர்க்காளைகளைத் தொழுவில் நிறுத்திய கோட்டத் தலைவருக்கு

வான் வழங்குக! வயல் செழிக்க! நாரைவள நாட்டை ஆளும் மணிமுடி நாச்சியார், செம்மண் கோட்டத் தலைவர் ஏறன் மழவரையருக்கு விடுக்கும் திருமுகம். உம் குளங்களும் குடிகளும் இல்லத்தாரும் நலம் பெறுக.

எம் அமைச்சர் கோவன் சாத்தனார் உம் தோரணப் பந்தலைச் சிதைத்து, ஊரார்முன் உம்மை இழிவு செய்தார் என்றும், அவர் உம்மிடம் பொறுத்தருளக் கோர வேண்டும் என்றும் நீர் அனுப்பிய முறையீடு எம் திருமுன் வாசிக்கப்பட்டது. அன்று அவர் கண்டதை நீர் எழுதவில்லை. ஆகவே யாம் எழுதுவிக்கிறோம்.

கோமாரியில் மாடிழந்து கலங்கிய உழவர்க்கென்று, எம் அரண்மனைப் பட்டியிலிருந்து ஏர்க்காளைகளை அறக்கொடையாக அனுப்பினோம். வந்து சேர்ந்த அன்றே வீடுதோறும் கொடுத்துவிடுக என்பதே ஆணை. மழையும் பொய்க்காமல் பெய்தது. உழுத வயல்களைக் கண்குளிரக் காணலாம் என்று மகிழ்ந்து வந்த அமைச்சர், எயினி என்னும் உழத்தி தன் தோளில் நுகமேற்றி இழுக்க, அவள் கணவன் குன்றன் தலைகவிழ்ந்து மேழி பிடித்து வருவதைக் கண்டார். சேற்றில் குப்புற விழுந்தவள் எழுந்து, மறுபடி இழுத்தாள். அமைச்சர் தேரிலிருந்து குதித்து ஓடினார். அரசியார் கொடுத்த காளைகள் எங்கே என்று பதறி வினவினார்.

"தொழுவிலேதான் நிற்கின்றன ஐயா. கொம்புக்கு வண்ணம் தீட்டி முடியவில்லையாம். அரசியார் எழுந்தருளும் விழாவில்தான் தருவார்களாம். அதுவரை ஈரம் நிற்குமா? எங்கள் தோளுக்கு வண்ணம் வேண்டாம், நாங்களே பூட்டிக்கொண்டோம்" என்றாள் எயினி.

அமைச்சர் நேரே உம் தொழுவுக்கு வந்தார். கூட்டமும் கொட்டுமுழக்கும் இன்றிக் கொடுத்தால் அரசியாரின் பெருமை என்னாவது என்று நீர் கேட்டீராம். அவர் உம்மோடு வாதிடவில்லை. கயிறுகளைத் தம் கையாலேயே அவிழ்த்தார். உம் பந்தல் சரிந்தது அவர் கையால் அன்று. அது தொழுவின் வாயிலை அடைத்து நின்றதால் காளைகள் முட்டிச் சரிந்தது. அதை நிமிர்த்த அவர் நிற்கவில்லை, அவ்வளவே.

மழவரையரே, யாம் எப்போது விழாக் கேட்டோம்? வந்த அன்றே என்ற சொல்லில் உமக்கு விளங்காதது எது? சென்ற வெள்ளத்திலும் யாம் அனுப்பிய போர்வைகளை அடுக்கி வைத்து, எம் புகழ் பாடி முடிக்கும்வரை நனைந்தவர்களை நனைந்தபடியே நிற்க வைத்தீர். அன்று கடிந்தோம், தலையசைத்தீர். இன்றும் அதுவே. எத்தனை முறை ஒன்றையே சொல்வது என்று எமக்கே அலுத்துவிட்டது.

அமைச்சர் உம்மிடம் எதுவும் கோரமாட்டார். உம் தேர்க்காளைகள் இன்றே நுகம் கழற்றப்பட்டு உழவர் வயலுக்குச் செல்க. நீர் அவற்றின் பின்னே நடந்து செல்க. விதைக்க இயலாமற்போன குடிகள் ஒவ்வொன்றுக்கும் அடுத்த அறுவடைவரை உம் சொந்தக் களஞ்சியத்திலிருந்து நெல் அளக்கப்படுக. அதைக் கொட்டின்றி, கொடியின்றி, அவரவர் வாயிலுக்கே கொண்டுபோய்க் கொடுக்க.

காளைகள் சென்று சேர்ந்தபோது எயினியின் வயலில் பாதி இறுகிக் கல்லாகியிருந்தது. ஏரின் கொழு மண்ணில் இறங்கவில்லை. அப்பாதியை இவ்வாண்டு விளையச் செய்ய எம் ஆணைக்கும் வலிமையில்லை.

நாரை இலச்சினை இட்டோம். ஓலை கண்ட பொழுதே புறப்படுக.