போன் வெட்டிய படம்

ஏலக்காய் எடுக்கும் பெண்களை ஏற்றிப் போகும் ஜீப் வருமுன், சந்தனமேரி காலண்டர் தாளைக் கிழித்து, தூங்கிக்கொண்டிருந்த கணவன் பவுல்ராஜுக்கு எழுதினாள்.

"ஜோஜோ அப்பாவுக்கு,

கப்பக்கெழங்கும் மீன்கொழம்பும் மூடி வச்சிருக்கேன். சாவியப் பக்கத்து வீட்டுல குடுத்துட்டுப் போங்க.

சர்ச் பெருநாள்ல எடுத்த படத்த நேத்து வால்பேப்பரா வச்சீங்க. நம்ம ரெண்டு பேரோட ஒங்க ஸ்டோர்ல வேல பாக்குற ஜிஸ்மியும் நின்ன படம். போன்ல நீங்களும் அவளுந்தான் இருக்கீங்க, என்னயக் காணோம். கேட்டா, நான் வெட்டல, போன்தான் வெட்டுச்சுன்னு சொல்றீங்க. அத நான் நம்பணுமாக்கும்."

எழுதுவதை நிறுத்திவிட்டு அவன் போனை எடுத்தாள். வால்பேப்பர் மாற்றும் இடத்துக்குப் போய்ப் படத்தை இழுத்தாள். ஏலக்காய்க் கறை காய்ந்த விரலுக்கு அது லேசில் நகரவில்லை. மூன்றாம் தடவை இழுத்தபோது வலது ஓரத்திலிருந்து சந்தனமேரியே வந்து நின்றாள். அவன் சொன்னது நிஜந்தான், திரையில் இரண்டு பேருக்குத்தான் இடம். அதை எழுத மனசு வரவில்லை. படத்தை அப்படியே வைத்து, சரி என்பதைத் தொட்டாள்.

வெளியே ஜீப் ஹாரன் அடித்தது. தாளின் அடியில் நெருக்கி எழுதினாள்.

"போனச் சரியாக்கிட்டேன். இப்ப நம்ம ரெண்டு பேருந்தான் இருக்கோம். ஜிஸ்மியத் தேடாதீங்க. நான் வெட்டல, போன்தான் வெட்டுச்சு."