பதினெட்டாவது ஆள்

செப்டம்பர் 8, திங்கள்
விடிகாலைச் சாரல். என் வீட்டுக்காரி செல்வியை (இனி செ.) ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் ஜீப்பில் ஏற்றிவிட்டேன். பின்கதவில் தொங்கியபடி டாட்டா காட்டினாள். எண்ணிப் பார்த்தேன்: பத்துப் பேருக்கான வண்டியில் டிரைவரோடு பதினேழு பேர். போடிமெட்டு வளைவுகளை நினைக்காமலிருக்க டீ, இரண்டு வடை.

மாலை ராசிங்காபுரத்தில் கட்சிக் கூட்டம். தலைவர் மைக்கில்: "நம்ம பக்கம் எந்த ஜீப்புலயும் அளவுக்கு மேல ஒரு ஆளுகூட ஏத்துறதில்ல. நானே நின்னு பாக்குறேன்." கைதட்டல். பேப்பருக்கு எழுதி அனுப்பிவிட்டேன், 'என்று தலைவர் கூறினார்' போட்டு.

செப்டம்பர் 9
செய்தி மூன்றாம் பக்கத்தில். செ. இட்லி எடுத்துக்கொண்டே படித்தாள்.

"ஏன் மாமா, நேத்து என்னைய ஏத்திவிட்டது வேற ஆளா?"

"அவரு சொன்னதத்தான் போட்டேன் புள்ள. நான் பொய் எழுதல."

"நல்லா எழுதுனீக. படிக்கிறவன் நம்பத்தான செய்வான்?"

சட்னியில் உப்பு இல்லை. கோபமா, மறதியா? கேட்கத் துணிவில்லை.

மதுரை ஆபீஸில் செய்தி டெஸ்க்குக்கு போன்: பதினேழு பேர், நானே எண்ணினேன். "நீங்க எண்ணுனா எப்பிடிண்ணே? யாராச்சும் மறுத்துச் சொல்லணும். இல்லேன்னா ஒருபக்கமாப் போயிரும்."

எதிர்க்கட்சிக்காரரைப் பிடித்தேன். "தம்பி, என் ஜீப்பும் மலையேறுதுல்ல" என்று நழுவிவிட்டார்.

செ.: "என் பேரப் போடுங்க."

சொந்தப் பெண்டாட்டியிடம் பேட்டியா? நல்ல கூத்து. தவிர, அவள் வேலைக்கு வேட்டு.

செப்டம்பர் 11
வாங்க வேண்டியவை: பேனா. செ.க்குத் தைலம், காலில் ஏறும் அட்டைக்கு மூக்குப்பொடி.

ஜீப்பில் நானே ஏறிவிட்டேன். பதினெட்டாவது ஆள். பாதி உடம்பு செ. மடியில். பெண்களின் சிரிப்பு: "செல்விக்கா, புருசன எறக்கிவிட்டுறாத!" மேலே ஒரு வளைவில் பின்சக்கரம் ஓரத்துக்கே போய்விட்டது. அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆறு வருடமாக இப்படித்தான் போய் வருகிறாள். ஒருநாள்கூட வீட்டில் சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது.

டெஸ்க்: "யாரு சொன்னாங்கண்ணே?"

"யாரும் சொல்லல. நான் உள்ள இருந்தேன்."

எண்ணிக்கையைத் திரும்பக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். பிறகு, "அனுப்புங்க."

செப்டம்பர் 12
வந்துவிட்டது! தலைவர் பேச்சு, அதன் கீழேயே: 'இது உண்மையல்ல. நேற்று ஒரு ஜீப்பில் பதினெட்டுப் பேர் மலையேறினர். அதில் ஒருவர் இந்த நிருபர்.'

செ. மூன்று முறை படித்தாள். பக்கத்து வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு ஓடினாள். சட்னி அருமை.

செப்டம்பர் 13
வெயில். காலை ஏழு மணிக்கே செ. திரும்பிவிட்டாள். தூக்குவாளி திறக்கவேயில்லை.

"இனிமே ஜீப்புல பத்துப் பேருதானாம். டிரைவரு மொத ஆளா என்னைய எறக்கிவிட்டாரு. நாளைக்கும் வர வேணாமாம்."

என் செய்தியால் வந்த வினை. அவள் தூக்குவாளியைத் திறந்தாள். இரண்டு தட்டு.

"சாப்ட்டு, வெரசா இதையும் எழுதுங்க மாமா. 'என்று கூறினார்'னு முடிச்சீக, ராத்திரிக்குச் சோறு கெடையாது."